ஐந்நூறு ரூபாய் விண்டோஸும் நம் வீட்டுக் கணினியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய வழி மோசடி பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கைபேசிக்கு வரும் அழைப்பையும் ஓடிபி எண்ணையும் பற்றியவை. கூடத்து மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் வீட்டுக் கணினியைப் பற்றி யாரும் எழுதக் காணோம். கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தபடியே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வணிகர்களுக்கு வரிக்கணக்குப் பார்த்து வருபவன் என்ற முறையிலும், அந்தக் கணினியால் ஒருமுறை நன்றாக அடிபட்டவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கு இலவசமாக வழங்கி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து, என்னிடம் கணக்குக் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக, "கடையில் ஐந்நூறு ரூபாய்க்கு விண்டோஸ் 11 போட்டுத் தருகிறார்களாமே, போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

2022 ஜூன் மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஜூன் என்றால் மாங்காய். தோத்தாபுரி டன் கணக்கில் மாங்கூழ் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். மண்டிக்காரர்களின் பில் புத்தகங்கள் மஞ்சள் பைகளில் என் மேசைக்கு வந்துகொண்டிருக்கும். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். 16-ஆம் தேதி மாலை, ஓசூரில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் வந்திருந்தான். புதுமனை புகுவிழா வீடியோவை வெட்டி ஒட்ட ஒரு மென்பொருள் வேண்டும் என்று கணினியைக் கேட்டான். கொடுத்துவிட்டு நான் காபி குடிக்கப் போனேன். விலை கொடுத்து வாங்க வேண்டிய அந்த மென்பொருளின் "கிராக்" பதிப்பை, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியை, அவன் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கியிருக்கிறான். இறக்கிய ஜிப் கோப்புக்கு 1234 என்று கடவுச்சொல் போட்டிருந்தார்கள். அது அவனுக்கு விசித்திரமாகப் படவில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப்பின் உள்ளே இருப்பதை வைரஸ் தடுப்பு மென்பொருளால் பார்க்க முடியாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. "இந்தக் கிராக்கை ஆன்டிவைரஸ் தவறுதலாக வைரஸ் என்று காட்டும், எனவே அதை அணைத்துவிட்டு இயக்கவும்" என்று அந்தத் தளத்தில் குறிப்பும் இருந்ததாம். பிள்ளை சொன்னபடி செய்திருக்கிறான்.

நான் திரும்பி வந்தபோது திரையில் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. சதவீதம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. "அப்டேட் ஓடுது மாமா, ஆஃப் பண்ணிடாதீங்க" என்றான். அப்டேட் நடக்கும்போது மின்சாரத்தை நிறுத்தக்கூடாது என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த அறிவுரையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்ட அந்தப் பெட்டி போலியானது; அதன் மறைவில் என் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. கணக்கு எழுதும் டேலி மென்பொருளைத் திறந்தால் நிறுவனங்களின் பட்டியல் காலி. கோப்புறைக்குள் போய்ப் பார்த்தால் எல்லாக் கோப்புப் பெயர்களின் வாலிலும் பொருளற்ற நான்கு எழுத்துகள். ஒவ்வொரு கோப்புறையிலும் "ரீட்மி" என்று ஒரு கடிதம். 980 டாலர் தர வேண்டும், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதியாகக் குறைத்து 490 டாலர் என்று அதில் கண்டிருந்தது. அன்றைய மதிப்பில் அந்தப் பாதியே முப்பத்தெட்டாயிரம் ரூபாய். தள்ளுபடி கொடுத்துத் திருடுகிறவனை அன்றுதான் பார்த்தேன்.

இது ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று அழைக்கப்படும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்), அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல். பெரிய நிறுவனங்களைக் குறிவைப்பதை விட, கிராக் மென்பொருள் தேடும் வீட்டுக்காரர்களையும் மாணவர்களையும் பிடிப்பதே இதன் தொழில். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் மறையாக்கம் செய்து, அதாவது திறவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிப் பூட்டுவதால், ஒரு காபி குடிக்கும் நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது. இணைய இணைப்பு இருந்தால் தன் எசமானின் சேவையகத்திலிருந்து நமக்கென்றே தனியாக ஒரு திறவியைப் பெற்றுக்கொள்ளும். இணைப்பு கிடைக்காவிட்டால் தன்னிடம் உள்ள பொதுத் திறவியால் பூட்டும். பொதுத் திறவியால் பூட்டப்பட்டவற்றுள் சிலவற்றை இலவசக் கருவிகளால் மீட்கலாம். நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" என்ற தளத்தில் அத்தகைய கருவிகள் கிடைக்கின்றன. எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை, ஏனென்றால் அன்று இணையம் நன்றாகவே வேலை செய்தது.

பணம் கட்டவில்லை. என்னைக் காப்பாற்றியது பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்த ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். இதை என் முன்யோசனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மை என்னவென்றால் அதன் கேபிள் பழுதாகிவிட்டதால், மே 28-ஆம் தேதி கடைசியாகப் பிரதி எடுத்த பிறகு அதை உள்ளே போட்டு வைத்திருந்தேன். "முறையான" பேக்கப்புக்கென்று வாங்கிய புது ஹார்ட் டிஸ்க் எந்நேரமும் கணினியின் பின்புறம் செருகியே இருந்தது. அதில் இருந்த பிரதிகளும், டி டிரைவில் எடுத்து வைத்த பிரதிகளும் மூலக் கோப்புகளோடு சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டன. கணினி எந்த வட்டில் எழுத முடியுமோ அந்த வட்டில் தீநிரலாலும் எழுத முடியும் என்ற எளிய விஷயம் அதுவரை எனக்கு உறைக்கவில்லை. பத்தொன்பது நாள் பதிவுகளை மஞ்சள் பைகளிலிருந்து மறுபடி எடுத்து மூன்று இரவுகள் உட்கார்ந்து ஏற்றினேன். கெடு தாண்டிய மூன்று பேருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன்.

அத்தோடு முடியவில்லை. கணினியை ஃபார்மட் அடித்தாயிற்று, நோய் போயிற்று என்று நினைத்திருந்த நான்காம் நாள், நான் போகாத ஊரிலிருந்து என் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழைந்ததாக அறிவிப்பு வந்தது. இந்த வகைத் தீநிரல் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும், நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்குச் சான்றான குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும் இன்னொரு நிரலையும் உடன் அழைத்து வருகிறது. குக்கி கையில் கிடைத்தவனுக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. ஆகவே இப்படி ஒரு தாக்குதலுக்கு ஆளானவர்கள், வேறொரு நம்பகமான கருவியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்தியாக வேண்டும். என் தொழில்காரர்களுக்கு இன்னொன்று: டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி டோக்கனைக் கையெழுத்திடும் நேரம் போக மற்ற நேரங்களில் கணினியில் செருகி வைக்க வேண்டாம். நாளெல்லாம் அது செருகியபடியே இருக்கும் மேசைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனிக் கடைக்காரர்களைப் பற்றி. அக்கா மகனைத்தான் வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். ஆனால் ஃபார்மட் செய்வதற்கு முன் ஒரு நண்பர் கணினியைத் துருவிப் பார்த்துவிட்டு ஒன்றைக் காட்டினார். ஓராண்டுக்கு முன் சர்வீஸுக்குக் கொடுத்தபோது அங்கிருந்தவர், உரிமம் இல்லாததை உரிமம் உள்ளதுபோல் காட்டும் ஆக்டிவேட்டர் என்ற நிரலை வைத்துத் திருட்டு விண்டோஸை ஏற்றி, அந்த ஆக்டிவேட்டர் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் சோதிக்காமல் விட்டுவிடும் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிட்டு, அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருக்கிறார். அதாவது, பையன் ஆன்டிவைரஸை அணைப்பதற்கு ஓராண்டு முன்பே அதன் கண்ணைக் கட்டியாகிவிட்டது. பச்சை நிறச் சரிக்குறி மட்டும் திரையோரத்தில் அழகாகத் தெரிந்துகொண்டிருந்தது. அந்தக் கடையை நான் இங்கே பெயரிடப் போவதில்லை. பெயரிட்டால் அது ஒருவருடைய தவறாகிவிடும், இதுவோ எங்கள் பக்கத்துச் சிற்றூர் வரை பரவியிருக்கும் வழக்கம்.

வாசகர்கள் இன்றே தங்கள் கணினியில் இதைப் பார்க்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் "வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன்" பகுதியின் அமைப்புகளுக்குள் "எக்ஸ்குளூஷன்ஸ்" என்று அந்த விலக்குப் பட்டியல் இருக்கிறது. சாதாரண வீட்டுக் கணினியில் அது காலியாக இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால், வேறு யாரோ உங்கள் சார்பில் முடிவெடுத்திருக்கிறார் என்று பொருள். அதே பகுதியில் பணயத் தீநிரல் பாதுகாப்பின் கீழ் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" என்று ஒரு வசதி உண்டு. முக்கியமான கோப்புறைகளில் அறிமுகமில்லாத நிரல்கள் கைவைப்பதை அது தடுக்கும். வாங்கும்போது அது அணைந்தே இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். அன்றாட வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றைத் தனியே உருவாக்கிக் கொடுப்பது, காசு கொடுத்து வாங்கும் எந்த ஆன்டிவைரஸையும் விட அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து. எதையாவது நிறுவ வேண்டுமென்றால் பையன் என்னிடம் வந்து கடவுச்சொல் கேட்க வேண்டும், கேட்கும்போது "இது எதற்கு?" என்று நான் ஒரு கேள்வி கேட்பேன். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

அப்டேட்டை நிறுத்துவதற்கு நம் பக்கத்தில் சொல்லப்படும் காரணம், கைபேசி ஹாட்ஸ்பாட்டில் டேட்டா தீர்ந்துவிடும் என்பது. அதற்காகவே இணைப்பை "மீட்டர்டு" என்று குறித்து வைக்கிறார்கள். அப்படிக் குறித்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்கமாட்டா. 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் தாக்குதல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளை முடக்கியபோது, அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளிவந்துவிட்டிருந்தது. இரண்டு மாதம் அவகாசம் இருந்தும் ஏற்றாதவர்களே மாட்டினார்கள். மாதம் ஒருமுறை, மைக்ரோசாஃப்ட் திருத்தங்களை வெளியிடும் இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாளில் இருந்து இரண்டொரு நாளுக்குள், வீட்டில் டேட்டா மிச்சமிருக்கும் ஒரு நேரத்தில் கையால் அழுத்தி ஏற்றிக்கொண்டால் போதும்.

மின்னஞ்சலில் "ஜிஎஸ்டி நோட்டீஸ்" என்று வரும் இணைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். உண்மையான நோட்டீஸ் வந்திருக்கிறதா என்பதை ஜிஎஸ்டி தளத்திற்குள் நாமே உள்நுழைந்து பார்த்துக்கொள்ளலாம். மின்னஞ்சலில் வந்ததைத் திறந்துதான் அறிய வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துக் காட்டும் வழக்கமுடையது என்பதால், "நோட்டீஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்ற இயங்கும் நிரல் வெறும் ஆவணம் போல "நோட்டீஸ்.பிடிஎஃப்" என்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகையே கலங்கடித்த "ஐ லவ் யூ" வைரஸும் இதே மறைப்பைத்தான் பயன்படுத்தியது. ஃபைல் எக்ஸ்புளோரரின் "வியூ" பகுதியில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முழுப் பெயரும் தெரியும்.

ஐந்நூறு ரூபாய் விண்டோஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். உங்கள் விண்டோஸ் 10 உரிமம் உள்ளதாக இருந்து, கணினி டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உள்ளிட்ட தகுதிகளை உடையதாகவும் இருந்தால், விண்டோஸ் 11-க்கு மாற ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. தகுதியை அறிய மைக்ரோசாஃப்டே "பிசி ஹெல்த் செக்" என்ற கருவியை இலவசமாகத் தருகிறது. தகுதி இல்லாத கணினி என்றால், நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் சேரலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து கணினியின் அமைப்புகளைப் பேக்கப் செய்ய ஒப்புக்கொள்வோருக்கு அது இலவசம், காலக்கெடு 2026 அக்டோபர் 13 வரை. அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பழையவை இன்னும் பல வீடுகளில் விண்டோஸ் 7-உடனேயே இணையத்தில் உலவுகின்றன. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொள்வதே நல்லது. அந்த மடிக்கணினிகளோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது, பலர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கணினி விற்பனை, பழுதுபார்ப்புத் தொழில் செய்பவர்கள் பில்லில் இரண்டு வரிகள் சேர்த்து எழுதித் தர வேண்டும் என்பது என் கோரிக்கை: ஏற்றிய விண்டோஸுக்கு உரிமம் உண்டா இல்லையா என்பது ஒன்று, ஆன்டிவைரஸிலும் அப்டேட்டிலும் எதையாவது நிறுத்தி வைத்திருக்கிறீர்களா என்பது மற்றொன்று. உரிமத்தின் விலை கட்டுப்படியாகாதவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு என்பதை நான் அறிவேன். அவர்களுக்கு லினக்ஸ் என்ற வழி இருப்பதைச் சொல்லவாவது சொல்லலாம். ஏற்கெனவே பணத்தை இழந்தவர்கள் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும் என்பதைத் தாங்கள் பலமுறை வெளியிட்டிருக்கிறீர்கள். கோப்புகளை மட்டும் இழந்தவர்களும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பீரோவில் இருந்த அந்த ஹார்ட் டிஸ்க்குக்குப் புதுக் கேபிள் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவு பிரதி எடுத்ததும் கழற்றி, மறுபடி புடவைகளுக்கு அடியிலேயே வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.