மிச்சிகன் தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்: எலக்டர முடிவு பண்ற அதிகாரம் லான்சிங் கையிலதான் இருக்கு

நோவை, ட்ராய், கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ்னு டெட்ராய்ட்ட சுத்தி இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் ஒரு பாட்லக்ல (ஆளுக்கு ஒரு சாப்பாடு கொண்டு வர்ற விருந்துல) நேஷனல் பாப்புலர் வோட்டு பத்தி பேச்சு வந்துச்சு. ஜனாதிபதிய தேர்ந்தெடுக்க ஒவ்வொரு ஸ்டேட்டும் நியமிக்கிற பிரதிநிதிங்கதான் எலக்டருங்க; நாடு முழுக்க ஓட்டு அதிகம் வாங்குனவருக்கே அவங்கள கொடுக்கிறோம்னு ஸ்டேட்டுங்க தங்களுக்குள்ள போட்டுக்கிற ஒப்பந்தம்தான் இது. ஒரு அண்ணன் அடிச்சு சொன்னாரு, "மிச்சிகன்ல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் மிச்சிகன் எலக்டருங்க போகணும் தம்பி, நாடு முழுக்க யாருக்கு ஓட்டு அதிகம்னு பாத்து தூக்கிக் கொடுத்தா அது கான்ஸ்டிடியூஷனுக்கே விரோதம்"னு. சுத்தி நின்னவங்க எல்லாம் ஆமா ஆமான்னாங்க. சாப்பாட்டுத் தட்டோட நின்னுக்கிட்டு வாக்குவாதம் பண்ண மனசு வரல, ஆனா வீட்டுக்கு வந்து தூக்கமும் வரல, அதான் எழுதுறேன்.

அண்ணே, கான்ஸ்டிடியூஷன்ல அப்படி ஒரு வரி கிடையாது. ரெண்டாவது ஆர்ட்டிகிள்ல இருக்கிறது இவ்வளவுதான்: ஒவ்வொரு ஸ்டேட்டும் தன்னோட சட்டசபை சொல்ற முறைப்படி எலக்டர்கள நியமிக்கணும். ஸ்டேட்ல ஜெயிச்சவருக்கே மொத்தமும்ங்கிறது அந்தந்த ஸ்டேட் தானா போட்டுக்கிட்ட சட்டம். ஆரம்பத்துல பல ஸ்டேட்ல மக்கள்கிட்ட ஓட்டே கேக்கல, சட்டசபையே ஆள தேர்ந்தெடுத்து அனுப்புச்சு, சவுத் கரோலினா 1860 வரைக்கும் அப்படித்தான். மெய்ன் 1972ல இருந்தும் நெப்ராஸ்கா 1992ல இருந்தும் ரெண்டு எலக்டர் ஸ்டேட் முழுக்க ஜெயிச்சவருக்கு, மிச்சம் தொகுதிக்கு ஒண்ணுன்னு பிரிச்சுத்தான் கொடுக்கிறாங்க, யாரும் போய் தடுக்கல.

இதுல நம்ம ஊர் கதைதான் முக்கியமானது, இங்க இத்தன வருஷமா இருந்தும் நம்மள்ல பல பேருக்கு இது தெரியாது. 1891ல நம்ம ஸ்டேட் தலைநகர் லான்சிங்ல, சட்டசபையில டெமாக்ரட்ஸ் கை ஓங்கியிருந்தப்ப, எலக்டர்கள தொகுதிவாரியா தேர்ந்தெடுக்கணும்னு சட்டத்த மாத்துனாங்க. எதிர்த்து கேஸ் போனது சுப்ரீம் கோர்ட் வரைக்கும், மெக்ஃபெர்சன் எதிர் பிளாக்கர், 1892. எலக்டர எப்படி நியமிக்கிறதுங்கிறதுல சட்டசபைக்கு முழு அதிகாரம் இருக்கு, ஒரே முறையிலதான் செய்யணும்னு கட்டாயம் இல்லன்னு நீதிபதிங்க ஒருமனசா சொல்லிட்டாங்க. அந்த வருஷம் மிச்சிகனோட 14 எலக்டர்ல 9 ரிபப்ளிகன் ஹாரிசனுக்கும் 5 டெமாக்ரட் கிளீவ்லேண்டுக்கும் போச்சு. அடுத்து ரிபப்ளிகன்ஸ் வந்ததும் சட்டத்த பழையபடி திருப்பிட்டாங்க. ரெண்டு பக்கமும் தன் கட்சி லாபத்தத்தான் பாத்துச்சு, அது எனக்கு வருத்தம்தான், ஆனா அந்தத் தீர்ப்பு இன்னைக்கும் நிக்குது. 2020லயும் வேற ஒரு கேஸ்ல, எலக்டர் ஸ்டேட் சொன்ன ஆளுக்குத்தான் ஓட்டு போடணும்னு கட்டாயப்படுத்தலாம்னு அதே கோர்ட் சொல்லியிருக்கு.

இப்ப நேஷனல் பாப்புலர் வோட்டு ஒப்பந்தத்துக்கு வரேன். 2007ல மேரிலேண்ட் முதல்ல சேந்துச்சு, 2024ல மெய்ன் சேந்தப்ப 17 ஸ்டேட்டும் வாஷிங்டன் டிசியும் சேத்து 209 எலக்டர். சேந்திருக்கிற ஸ்டேட்டோட எலக்டருங்க 270, அதாவது மொத்தம் 538ல பாதிக்கு மேல ஆனாதான் இது நடைமுறைக்கு வரும், அதுவரைக்கும் எல்லாம் இப்ப இருக்கிறபடியே. நம்ம சட்டசபைக்கும் இது புதுசு இல்ல, 2008ல கீழ்சபை நிறைவேத்துச்சு, செனட்ல நின்னுபோச்சு, 2023ல கமிட்டி வரைக்கும் பாஸ் ஆகி சபையில ஓட்டெடுப்புக்கே வராம போச்சு.

சட்டத்துல நிஜமான கேள்வி ஒண்ணு இருக்கு, அத மறைக்கக் கூடாது. காங்கிரஸ் சம்மதம் இல்லாம ஸ்டேட்டுங்க தங்களுக்குள்ள ஒப்பந்தம் போடக் கூடாதுன்னு முதல் ஆர்ட்டிகிள் சொல்லுது. நம்ம ஏரித் தண்ணிய வெளிய கொண்டு போகாம காக்கிறதுக்கு எட்டு ஸ்டேட் சேந்து போட்ட கிரேட் லேக்ஸ் ஒப்பந்தத்துக்கே 2008ல காங்கிரஸ் சம்மதம் வாங்கித்தான் ஆச்சு. ஆனா எல்லா ஒப்பந்தத்துக்கும் அது வேணாம், மத்திய அரசோட அதிகாரத்துல கை வைக்கிறதுக்குத்தான் வேணும்னு 1893லயே கோர்ட் சொல்லிருச்சு. எலக்டர் நியமனம் மத்திய அரசோட அதிகாரமே இல்ல, அதனால சம்மதம் வேணாம்ங்கிறது என் கருத்து. சேராத ஸ்டேட்டோட செல்வாக்கு குறையுதேன்னு எதிர்த்தரப்பு கேக்கும், அது லேசான வாதம் இல்ல. கோர்ட் கேக்கட்டும், இல்ல காங்கிரஸ்கிட்டயே போய் சம்மதம் வாங்கட்டும். ஆனா அதையே காரணம் காட்டி லான்சிங் கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது.

"நமக்கு எதுக்கு இது, நாமதான் ஸ்விங் ஸ்டேட், எந்தக் கட்சிப் பக்கமும் சாயுற ஸ்டேட், நம்ம ஓட்டுக்கு மதிப்பு ஜாஸ்தி"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. உண்மைதான். 2024 அக்டோபர்ல என் வீட்டு மெயில்பாக்ஸ ஒரு நாள் விட்டு தொறந்தா உள்ள கைய விட முடியல, பளபளன்னு அட்டை அட்டையா நோட்டீஸ், அடியில காஸ் பில் கசங்கிக் கிடக்கும். சனிக்கிழமை காலையில தோசை ஊத்திக்கிட்டு இருக்கும்போது ரெண்டு கட்சி ஆளும் அரை மணி நேர இடைவெளியில வந்து கதவ தட்டுனாங்க. அன்னைக்கு சாயங்காலம் நியூ ஜெர்சியில இருக்கிற என் தங்கச்சிகிட்ட சொன்னேன், அவ கேட்டா, "இங்க ஒரு ஈ காக்கா கூட வரலண்ணா, நானும் சிட்டிசன்தானே?" அவளும் என்னைய மாதிரியே கைய தூக்கி சத்தியப் பிரமாணம் எடுத்தவ, என் ஓட்டுக்கு மட்டும் ஏன் இந்த மரியாதைன்னு அவளுக்கு சொல்ல எனக்கு பதில் இல்ல.

இது ஒரு கட்சி விஷயமும் இல்ல. 2020ல ட்ரம்ப்புக்கு டெக்சாஸ்ல விழுந்தத விட கலிஃபோர்னியாவுல அதிகமா, 60 லட்சம் ஓட்டு விழுந்துச்சு, ஒரு எலக்டர் கூட வரல. டெக்சாஸ்ல பைடனுக்கு போட்ட 52 லட்சம் பேருக்கும் அதே கதிதான். அதே வருஷம் நாடு முழுக்க பைடனுக்கு 70 லட்சம் ஓட்டு கூடுதல், இருந்தும் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூணுலயும் சேத்து 43,000 ஓட்டு வித்தியாசத்துலதான் ஆட்சியே நின்னுச்சு. 2016ல மிச்சிகன்ல வித்தியாசம் 10,704 ஓட்டு, நாடு முழுக்க கிளின்டனுக்கு 28 லட்சத்துக்கு மேல அதிகம், ஆனா ஜனாதிபதி ஆனது ட்ரம்ப். 2024ல ட்ரம்ப்புக்குத்தான் நாடு முழுக்க ஓட்டு அதிகம். அன்னைக்கு ஒப்பந்தம் நடைமுறையில இருந்திருந்தா கலிஃபோர்னியா, நியூயார்க் எலக்டருங்களும் அவருக்கே போயிருக்கும். நான் அவருக்கு ஓட்டு போடல, ஆனா அது நியாயம்னுதான் சொல்வேன், அத ஏத்துக்க முடியாதவங்க இந்த ஒப்பந்தத்த ஆதரிக்கவே வேணாம்.

குறை இல்லாம இல்ல. நாடு முழுக்க ஒரே மாதிரி ரீகவுன்ட் சட்டம் கிடையாது, வித்தியாசம் ரொம்ப கம்மியா வந்தா ஒவ்வொரு ஸ்டேட்டும் அதது இஷ்டத்துக்கு எண்ணும், அதுக்கு காங்கிரஸ் ஒரு வழி பண்ணித்தான் ஆகணும். அந்தப் பயம் எனக்கும் இருக்கு.

நான் உங்ககிட்ட கேக்கிறது ஒண்ணுதான். உங்க ஸ்டேட் ரெப் (நம்ம தொகுதி கீழ்சபை உறுப்பினர்) மாசாமாசம் லைப்ரரியிலயோ காபிக் கடையிலயோ மக்கள சந்திப்பாங்க, பெரும்பாலும் பத்து பேருக்கு மேல வர மாட்டாங்க, நம்ம ஆளுங்க முகத்த நான் அங்க பாத்ததே இல்ல. போய் உக்காந்து நேரா கேளுங்க: பாப்புலர் வோட்டு மசோதா சபைக்கு வந்தா உங்க ஓட்டு எந்தப் பக்கம், ஏன்? "எங்களுக்கு அதிகாரம் இல்ல"ன்னு சொன்னா 1892 கேஸ எடுத்துச் சொல்லுங்க, அது அவங்க சபை போட்ட சட்டத்துல வந்த கேஸ்தான். எங்க ரெப்போட அடுத்த சந்திப்புக்கு நான் போறேன். அந்த பாட்லக் அண்ணனையும் கூப்பிட்டிருக்கேன், வரேன்னு சொல்லியிருக்காரு.

அன்புடன்,
கேன்டன்ல இருந்து உங்கள்ல ஒருத்தன்