பரணில் கிடக்கும் மருந்துகள்: ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். எந்தக் கிருமிக்கு எதிரான ஆராய்ச்சிக்குப் பணம் தருவது, எத்தனை ஆண்டுகள் தருவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள். நான் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நோயாளியின் கிருமியை எந்த மருந்து கொல்லும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

கிருமியை அகர் தட்டில் (கிருமி வளர்வதற்கான கூழ் நிரப்பிய தட்டு) மெல்லிய படலமாகப் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு காகித வட்டுகளை அதன்மேல் வைத்துவிடுவோம். மறுநாள் காலையில் ஒவ்வொரு வட்டைச் சுற்றியும் கிருமி வளராத தெளிந்த வளையம் தெரிய வேண்டும். அதை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவோம். இப்போதெல்லாம் சில தட்டுகளில் அளப்பதற்கு எதுவுமே இருப்பதில்லை. வட்டின் விளிம்பை ஒட்டிக் கிருமி செழித்து நிற்கிறது. ‘எதிர்ப்பு’ என்ற ஒரே சொல்லை வரிசையாக எழுதி முடிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அறிக்கையைப் பார்த்த மருத்துவர் தொலைபேசியில் கேட்பது ஒன்றுதான்: “வேறு எதுவும் மிச்சமில்லையா?” பல நேரங்களில் மிஞ்சுவது கோலிஸ்டின். 1950களில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பின்னர் ஒதுக்கிவைத்த மருந்து அது. வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்திருக்கிறோம்.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல.

புதிய மருந்தே வரவில்லை என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வந்த மருந்தையும் காப்பாற்றாமல் விடுகிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அகாவோஜென் என்ற நிறுவனம் பிளாசோமைசின் என்ற மருந்தை உருவாக்கி, 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஏப்ரலில் அந்த நிறுவனம் திவாலானது. மருந்தில் கோளாறு இல்லை. போதிய அளவு விற்கவில்லை, அவ்வளவுதான். எப்படி விற்கும்? புதிய ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி கொடுத்தால் கிருமி அதற்கும் பழகிவிடும் என்று பொறுப்புள்ள மருத்துவர் அதைக் கடைசிவரை எடுக்கவே மாட்டார். அவருடைய நிதானமே தயாரித்தவருக்கு நஷ்டமாகிவிடுகிறது. சோதனைக்குழாய்க் கட்டத்தில் தாராளமாக வரும் உதவித்தொகை, அனுமதி கிடைத்ததும் நின்றுவிடுகிறது. செலவு அதோடு நிற்பதில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2022இல் இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எத்தனை குப்பிகள் செலவானாலும் சரி, ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கொடுக்கத் தொடங்கியது. மருந்து கையிருப்பில் இருப்பதற்கே விலை கொடுக்கும் இந்த முறையை நீங்களும் கையில் எடுக்க வேண்டும். ஒரு நாடு மட்டும் செய்தால் போதாது.

இன்னொன்றும் கேட்கிறேன். பாதியில் கைவிட்ட ஆய்வுகளை வெளியே எடுங்கள். ஈக்கடியால் பரவி மூளையைத் தாக்கும் ஆப்பிரிக்கத் தூக்க நோய் முற்றியவர்களுக்கு ஒரு காலத்தில் ஆர்சனிக் கலந்த மெலார்சோப்ராலை ஊசியில் ஏற்றினார்கள். நரம்பில் நெருப்பாய் எரியும் அந்த மருந்தே இருபது பேரில் ஒருவரைக் கொன்றது. இன்று பெரும்பாலானவர்களுக்குப் பத்து நாள் விழுங்கும் ஃபெக்சினிடசோல் மாத்திரை போதும். 2018இல் ஐரோப்பிய மருந்து முகமையின் ஒப்புதல் பெற்ற இந்த மருந்து புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1980களிலேயே கைவிடப்பட்டு, யாரும் சீண்டாமல் கிடந்தது. புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து தேடும், லாப நோக்கமற்ற டி.என்.டி.ஐ. அமைப்பு பழைய சேர்மங்களைத் துழாவியபோது 2005இல் கண்ணில் பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களை நினைத்துப் பாருங்கள். இதுபோல் இன்னும் எத்தனை பரணில் கிடக்கின்றனவோ!

ஆகவே அடுத்த நிதி ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: ஆய்வை நிறுத்தினால், தோற்ற சோதனைகளின் முடிவுகள் உட்பட அத்தனை தரவுகளையும் ஓராண்டுக்குள் பொதுவில் வைக்க வேண்டும், சேர்மத்தைக் கேட்கும் ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். சம்மதிக்காதவர்களுக்குப் பொதுப்பணம் தராதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நுண்ணுயிரியல் ஆய்வக ஊழியர்