நனைந்த தாள்களைக் காத்துத் தந்தவர்களுக்கு

திருகோணமலை அன்பர்களுக்கு,

வெள்ளம் வந்த அந்த இரண்டு நாள்களைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய நீர்மூழ்கித் தளபதி கொமாண்டர் லெஸ்லி பெனிங்டனைப் பற்றி 11 ஆண்டுகளாக நான் எழுதிச் சேர்த்த குறிப்புகள் இன்று என் மேசையில் காய்ந்து கிடக்கின்றன என்பதை அறிவிக்கவே இம்மடல்.

பெட்டிகளைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றிய அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும், தாள்களை விரிக்க வகுப்பறையைத் திறந்துவிட்ட அதிபருக்கும், மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய சகோதரிகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

எனினும், எங்கள் தெருமுனைச் சலவைக் கடைக்காரரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெயிலில் போட்டால் தாள் சுருண்டுவிடும் என்று என்னைத் தடுத்தவர் அவர்தான். ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய வேட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, சிரட்டைக் கரியின் சூடு தணிந்த இஸ்திரிப் பெட்டியால் இரவு 11 மணிவரை தேய்த்துக் கொடுத்தார்.

இடையில் நான் வரைந்த படமொன்று அவர் கையில் அகப்பட்டது. 1944 பெப்ரவரி 24 இரவு, மலாக்கா நீரிணையில் உரசிச் சென்ற ஜப்பானிய டோர்பீடோப் படகின் சுழல்விசிறி, பெனிங்டனின் 'டாலி ஹோ' நீர்மூழ்கியின் இடப்பக்க மிதப்புத் தொட்டிகளை வரிசையாகக் கிழித்ததைக் காட்டும் படம் அது.

"இவ்வளவு கிழிஞ்ச பிறகும் ஓடி வந்து சேர்ந்ததோ, மாஸ்டர்?" என்று கேட்டார்.

வந்தது, சாய்ந்தபடியே வங்கக் கடலைக் கடந்து, நீர்மூழ்கிகளின் தாய்க்கப்பல் 'அடமன்ட்' நின்ற நம்முடைய துறைமுகத்துக்கே வந்தது என்றேன். அவ்வாண்டு ஜனவரி 11 அன்று பெனாங்குக்கு அப்பால் 'குமா' என்ற ஜப்பானியக் குரூசர் போர்க்கப்பலை மூழ்கடித்ததையே பெனிங்டனின் பெருஞ்சாதனையாகச் சொல்வார்கள். ஆழம் குறைந்த கடலில், கிழிந்த கலத்தோடு, பகைவரின் வெடிகளுக்குத் தப்பி அதைக் கரை சேர்த்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கூலி வாங்க அவர் மறுத்துவிட்டார். உடுப்புக்குத்தான் தன்னிடம் விலை இருக்கிறதாம். 'குமா' பற்றிய தாளின் ஓரத்தில் பெட்டி நுனியின் பழுப்புத் தடம் விழுந்துவிட்டதற்கு மட்டும் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். அந்தத் தாளை நான் மாற்றி எழுதப் போவதில்லை.

1942இல் 'போர்ப்பொயிஸ்' நீர்மூழ்கியில் பெனிங்டன் மால்டாவுக்குப் பொருள்கள் கொண்டுசென்ற அத்தியாயம் மை கரைந்து போயிற்று. அதை அடுத்த மாரிக்கு முன் மீண்டும் எழுதி முடித்து, முதற்பிரதியை அந்தச் சலவைக் கடையில் கொடுப்பேன்.