எல்லார்க்கும் ஒவ்வொன்று எளிது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் கொடுத்தனுப்பிய படிவங்கள் திரும்பி வந்துவிட்டன. ‘உங்கள் பிள்ளையின் பலம்’ என்ற கட்டம் பாதிக்கு மேல் காலி. சிலர் ‘சுமார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் ‘சாப்பிடுவது’ என்று. சிரித்துவிட்டேன், சரி. ஆனால் ‘பலவீனம்’ கட்டத்தில் மட்டும் இடம் போதாமல் பின்பக்கம்வரை போயிருக்கிறது.

இதை மனத்தில் வைத்துத்தான் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ‘எல்லார்க்கும் ஒவ்வொன்று எளிது’ என்ற தொடரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினேன். ஆளாளுக்கு ஒன்று நன்றாக வரும் என்பது பொருள். மார்க் குறைந்த பிள்ளையைத் தேற்றுவதற்கு நாம் இதைச் சொல்கிறோம். அது பிறந்த இடமோ வேறு. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றின் கடைசி அடி இது. அவையில் கம்பரை எல்லோரும் புகழ்ந்து தள்ளியபோது ஔவை பாடியதாக ஒரு கதை உண்டு. கதை கிடக்கட்டும், ‘யாம்பெரிதும் வல்லோமே என்று வலிமைசொல வேண்டாங்காண்’ என்று பாட்டே சொல்கிறது. ஜெயித்தவர் தலையில் வைத்த குட்டு அது. ஆறுதல் வார்த்தையாக நாம்தான் பிற்பாடு ஆக்கிக்கொண்டோம்.

பாட்டில் ஐந்து உயிர்களின் வேலை வருகிறது: தூக்கணாங்குருவியின் கூடு, அரக்கு, கறையான் புற்று, தேன்கூடு, சிலந்தி வலை. அரக்கு என்றதும் அரக்கன் என்று நினைத்துக்கொண்டான் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். மரக்கிளையில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. முத்திரை வைக்கப் பயன்படுவது. இந்த ஐந்தில் ஒன்று செய்வதை இன்னொன்றால் செய்ய முடியாது.

எனக்குப் பிடித்தது குருவிதான். கூடு பின்னுவது ஆண் குருவி. பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். இளம் குருவிகள் முதலில் பின்னும் கூடுகள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆக, ‘எளிது’ என்பதும் நாலைந்து கோணல் கூடுகளுக்கு அப்புறம் வருவதுதான்.

படிவத்தை மறுபடி அனுப்புகிறேன். பிள்ளை யாரும் சொல்லாமலே எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று இரண்டு நாள் கவனித்துவிட்டு எழுதுங்கள். அக்காவோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துசேர்ந்தால் போதும். ‘சாப்பிடுவது’ என்று எழுதியவர் அதையே எழுதலாம், ஆனால் சமைக்கவும் பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்