பெயர் போடாத தம்பிக்கு

தம்பி,

உன் பெயரையும் எந்த பிளாக் என்பதையும் இங்கே எழுதமாட்டேன். சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு கூடாதென்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் எழுதியிருக்கமாட்டேன். அட்ரஸில் கண்ணகி நகர் என்று இருந்தாலே வேலை கொடுக்க யோசிக்கிற ஊர் இது.

"எங்கம்மாகிட்ட ஏன்ணா சொன்ன?" என்று கேட்டாய். மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டையோடு கபடி ரெய்டு போனாய், எதிரில் நின்றவன் முழங்கையைப் பிடித்ததும் அலறினாய். சட்டையை மடித்துப் பார்த்தேன், போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்ட தடம். பசங்க எல்லாம் சுற்றி நிற்க, நீ என் முகத்தைப் பார்க்காமல் நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டு "வேணாம்ணா" என்று மட்டும் சொன்னாய். அன்று ராத்திரியே, ஓஎம்ஆரில் ஹவுஸ்கீப்பிங் வேலை முடித்து வந்த உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னை நோகடித்ததற்கு மன்னிச்சிடுடா. ஆனால் நாளைக்கு இன்னொரு பையன் கையில் அந்தத் தடத்தைப் பார்த்தாலும் சொல்லத்தான் செய்வேன், வேறென்ன செய்யச் சொல்கிறாய்?

அதற்காக கிரவுண்டையே விட்டுவிட்டுப் போவாயா? எனக்குக் கோபம் அதில்தான். ஸ்கூல் விட்டதிலிருந்து அம்மாக்கள் வீடு திரும்புகிற வரைக்கும் இருக்கிற அந்தச் சாயங்காலத்தைப் பிடித்துவைக்கத்தான் இந்தக் கபடியே. போதைப் பொட்டலக்காரனும் அதே நேரத்துக்குத்தான் காத்திருக்கிறான். 18 வயது ஆகாத பையன் மாட்டினால் கூர்நோக்கு இல்லத்தோடு போய்விடும் என்று கணக்குப் போட்டுத்தான் உன் கையில் கொடுத்தான். பிள்ளைகளை வைத்து இப்படிக் கடத்துகிறவனுக்கு அதே சிறார் நீதிச் சட்டத்தின் 78-வது பிரிவில் 7 வருஷம் வரை கடுங்காவல் உண்டு. அவன் யாரென்று இங்கே எழுத முடியாது. அவனும் இதைப் படிப்பான்.

நம்ம கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைன் போய் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கத்தோடு வந்தபோது ஊரே ரோட்டில் நின்றது. நீயும் நின்றிருக்க வேண்டியவன். அந்தக் கால் வேகம் எல்லாருக்கும் வராதுடா.

நீ வந்தால் தங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் பயம் நியாயம்தான், அவர்களிடம் நேரில் பேசிக்கொள்கிறேன், இங்கே வேண்டாம். நீ வரலாம், முடிவு செய்துவிட்டேன்.

ஒரே கண்டிஷன். திங்கட்கிழமை காலையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியில் போதை மறுவாழ்வு சிகிச்சைக்குப் போகிறோம், நானும் கூட வருகிறேன். அதைத் தட்டிக் கழித்தால் கோட்டுக்குள் கால் வைக்க விடமாட்டேன்.

அண்ணன்