காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்டப் போட்டியில் நம் மாணவியர் கோ-கோவில் இரண்டாமிடம் பெற்றனர். கலைத் திருவிழாவிலும் பரிசுகள் வந்துள்ளன. அனைவருக்கும் வாழ்த்துகள்.

நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. ஜூலையில் மழை விடுமுறை அடுத்தடுத்து வந்தபோது, பாடம் நின்றுவிடக் கூடாதென்று ஒன்பதாம் வகுப்பில் நான்கு நான்கு பேராகச் சேர்த்து, கூகுள் மீட் வழியே குழுச் செயல்பாடு தொடங்கினோம். சில வாரங்களிலேயே, "என் பிள்ளை மட்டும்தான் வேலை செய்கிறான், மற்றவர்கள் வாயே திறப்பதில்லை, குழுவை மாற்றிக் கொடுங்கள்" என்று பெற்றோர் சிலர் கேட்டனர். யாருடன் சேர்க்க வேண்டாம் என்கிறார்கள் என்று பார்த்தபோது வருத்தமாக இருந்தது.

நம் நீலகிரி மாவட்டக் கூடலூர் வட்டாரத்து வகுப்பறையை நீங்கள் அறிவீர்கள். 1964இல் கையெழுத்தான இந்திய–இலங்கை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து டான்டீ எனும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், வீட்டில் மலையாளம் பேசுவோரும், பணியர் பழங்குடியினரின் பணிய மொழி பேசுவோரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். நேரில் இருக்கும்போது பக்கத்துப் பிள்ளையிடம் பாதி தம் மொழியிலும் பாதி தமிழிலுமாகக் கேட்டுக்கொள்ளும் மாணவர், எல்லோர் காதிலும் விழும்படி மைக்கில் பேச வேண்டுமென்றால், தம் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று ஒதுங்கிவிடுகிறார்.

ஒரு மாலை நானும் ஒரு குழுவில் இணைந்து கேட்டேன். மழையளவை அட்டவணைப்படுத்தும் வேலை. ஒரு மாணவரின் தந்தை பின்னாலிருந்து விடைகளைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். பணியர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவர் கடைசிவரை மைக்கைத் திறக்கவில்லை. மறுநாள் கேட்டதற்கு, "பெரியவங்க பேசிட்டிருந்தாங்க சார், நடுவுல எப்படிப் பேசுறது?" என்றார். அவர் வீட்டில் கற்ற மரியாதைக்கு நாங்கள் 'பங்கேற்பு இல்லை' என்று குறிப்பெழுதி வைத்திருந்தோம். கேமராவைத் திறக்காத மாணவியின் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் சமையல், படுக்கை எல்லாம் ஒரே அறையில்தான். மாலை 4 மணிக்குக் கூட்டம் வைத்தபோது, வேலைக்குப் போன அப்பாவின் கையிலிருந்து கைப்பேசி வீடு திரும்பியிருக்காது என்பதையும் நாங்கள் யோசிக்கவில்லை. அது எங்கள் தவறு.

எனவே விடுமுறைக்குப் பின் கூட்டம் இரவு 7 மணிக்கு நடைபெறும். கேமரா கட்டாயமில்லை. பேசத் தயங்குவோர் தமக்கு வரும் மொழியில் வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பலாம்; தமிழில் எழுதிக்கொள்ளக் குழுவினர் உதவுவார்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு. பெற்றோர் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் விடை சொல்ல வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்தச் சமுதாயத்துப் பிள்ளை என்று பார்த்துக் குழு மாற்றக் கேட்கும் கோரிக்கை இப்பள்ளியில் ஏற்கப்படாது. 'அந்தப் பிள்ளைகள்' என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இனி யார் எழுதினாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அன்றே நீக்கப்படுவார்.

இதை எழுதும்போதே, நடு மழையில் பக்கத்து வீட்டு மாணவியையும் அழைத்துவந்து தம் கைப்பேசியைக் கொடுத்த தாயும், சிக்னல் தேடித் தேயிலை மேட்டுக்குப் பிள்ளைகளோடு குடை பிடித்து ஏறிய தாத்தாவும் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும், பொறுமையோடு ஒத்துழைத்த உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேர ஒதுக்கீட்டில் சிரமம் இருப்பின் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்