பாடத்திட்டத்தில் பதிவேட்டுக்கும் இடம் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அருங்காட்சியகவியல் பாடத்தை வகுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். அருங்காட்சியகவியலில் முதுகலை முடித்துவிட்டு, பழம்பொருட்களை ஆவணப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். “மியூசியத்துக்கெல்லாம் ஒரு படிப்பா?” என்று என் பெரியம்மா இன்றும் கேட்பார். பரோடா பல்கலைக்கழகம் 1952இலேயே இதற்குத் துறை தொடங்கிவிட்டது, கல்கத்தா பல்கலைக்கழகம் 1959இல். படிப்பு பழையதுதான். ‘டிஜிட்டல் அருங்காட்சியகம்’ என்ற தாள்தான் புதிதாக வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளைக் கணினிப் பாடமாகத் தனியே ஒதுக்கிவிடாதீர்கள். சேமிப்பறையிலும், பொருட்களின் விவரங்களை எழுதிவைக்கும் பதிவேட்டிலும் மாணவர்களுக்குக் கை பழகட்டும். அதன் தொடர்ச்சியாக அது வரட்டும்.

படிக்கிற காலத்தில் பயிற்சிக்காக ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, “எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது, அடுக்கி மட்டும் கொடுங்கள்” என்றார்கள். படங்கள் அவ்வளவு துல்லியம், பானையோட்டில் இருந்த கீறல்களைக்கூட எண்ணிவிடலாம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பெயராக இருந்தது கேமரா தானாகப் போட்ட எண். எந்த ஊர், எந்த அகழாய்வுக் குழி, எத்தனை அடி ஆழம், ஒன்றுமே இல்லை. பதிவேட்டைப் புரட்டினால் “பானை ஓடுகள் - ஒரு பெட்டி” என்று ஒரே வரி. மூன்று வாரம் உட்கார்ந்தும் பாதிப் படங்களுக்குச் சொந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. படம் எடுத்த பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். பொருளின்மேல் பதிவேட்டு எண்ணை எழுத அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எண் எழுதுவதும் ஒரு கைவேலைதான். பானையோட்டை மென்மையான தூரிகையால் துடைத்து, வேலைப்பாடு எதுவும் இல்லாத உட்பக்க மூலை ஒன்றைத் தேட வேண்டும். அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அங்கே சின்னதாக ஒரு பட்டை போட்டுக் காயவிட வேண்டும். அதன்மேல் மெல்லிய நிப்பால் எண். அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. நாளைக்கு எண் தவறென்று தெரிந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம், ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. முதல் நாள் எனக்கு நான்கு ஓடுகள்தான் முடிந்தன. அந்த நான்குக்கும் இனி முகவரி உண்டு.

பின்னால் வருபவர் பிரித்தெடுக்க முடியாதபடி எதையும் செய்யக்கூடாது என்பது இந்தத் துறையின் பால பாடம். 1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகம் அதை அனுபவத்தில் கற்றது. அமராவதிச் சிற்பங்களை ஒரு காலத்தில் சிமென்ட் வைத்துச் சுவரோடு பதித்திருந்தார்கள். உப்பு ஏறிக் கல் உரியத் தொடங்கியது, பிறகு பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. அதே வளாகத்தில்தான் 1930களில் வேதியியலாளர் பரமசிவன், செப்புத்திருமேனிகளை அரிக்கும் பச்சைக் களிம்பை மின்பகுப்பு முறையில் நீக்கிக் காட்டினார். இவ்வளவும் நம்மூரிலேயே இருக்கிறது. ஒரு பருவம் முழுக்க மாணவர்களை இப்படிப்பட்ட இடங்களில் உட்கார வையுங்கள். ஒருநாள் சுற்றுலாவாகக் கூட்டிப்போய் வந்தால் போதாது.

ஸ்ரீபுரந்தான் நடராசரை நினைத்துப் பாருங்கள். அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து திருடுபோன சிலை, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அது நம் கோயிலுடையதுதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். 2014இல் சிலை இந்தியா திரும்பியது. அந்தப் படங்கள் இன்ன ஊர், இன்ன கோயில் என்ற குறிப்போடு இருந்ததால்தான் சாட்சியாக நின்றன. என் கையில் வந்த ஹார்ட் டிஸ்க் எந்த வழக்கில் சாட்சி சொல்லும்?

டிஜிட்டலுக்கு நான் எதிரி இல்லை. எனக்கு அதில் பெரிய ஆசையே உண்டு. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அதன்பின் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தவை சென்னைக்கு வந்தன. ஒரே ஊரின் தாழிகளும் இரும்பும் வெண்கலமும் கண்டத்துக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. அவை ஒரே கூரையின்கீழ் சேரும் என்று நான் நம்பவில்லை. திரையில் சேர்க்கலாம். தாமிரபரணிக் கரையில் படிக்கும் ஒரு குழந்தை, தன் ஊர்ப் பொருளைக் கைப்பேசியில் சுழற்றிப் பார்க்கலாம். அப்போது “இது எங்கே கிடைத்தது?” என்று அது கேட்கும், குழந்தைகள் அதைத்தான் முதலில் கேட்கும். பதில் பதிவேட்டில் இருந்தால்தான் திரையில் வரும்.

பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு எரிந்தபோது, ரியோவில் அருங்காட்சியகவியல் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்தான் முதலில் எழுந்தார்கள். அங்கே போய்வந்தவர்கள் எடுத்த படங்களையெல்லாம் அனுப்பச் சொல்லிப் பொதுமக்களிடம் கேட்டார்கள், ஆயிரக்கணக்கில் வந்தன. சுமார் 2 கோடிப் பொருட்கள் இருந்த இடம் அது. செல்ஃபிகளின் பின்னணியில் அவற்றைத் தேட வேண்டிய நிலை எந்த மாணவருக்கும் வரக்கூடாது.

ஆகவே முதல் பருவத்தில் பதிவேடும் பொருளைக் கையாளும் முறையும் வரட்டும். உலோகத்தை எப்போது கையுறையோடு தொடுவது, ஓலைச்சுவடியை எப்போது வெறுங்கையால் தொடுவது என்பதுவரை சொல்லிக்கொடுங்கள். புகைப்படம், முப்பரிமாண ஸ்கேன், தரவுத்தளம் எல்லாம் அடுத்த பருவத்தில், அதே பொருட்களை வைத்தே நடக்கட்டும். தரவுத்தளத்தின் கலைச்சொற்களைத் தமிழில் நிலைப்படுத்தும் வேலையையும் மாணவர்களிடமே கொடுங்கள். தாழி, குடுவை, பானையைத் தாங்கும் பிரிமனை என்று ஊரில் புழங்கும் சொற்கள் இருக்க, எல்லாவற்றையும் ‘மட்பாண்டம்’ என்று ஒரே கூடையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தேர்வு வைக்கும்போது கட்டுரைக் கேள்விகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு, மாணவர் கையில் ஒரு பானையோட்டைக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் அதை அளந்து, எண் எழுதி, பதிவு செய்து, படமெடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
முன்னாள் மாணவி ஒருத்தி